ஏற்றத்தில் கேட்கும் ஓசை

நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

1998-ஆம் ஆண்டு. அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை அழைத்துக்கொண்டு, நகருக்கு வெளியே இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றேன். மேட்டில் மெல்ல ஏறிப் பள்ளத்தில் பாய்ந்தோடும் வண்டி ஒன்று அங்கே இருந்தது. ரோலர் கோஸ்டர் என்பார்களே, அது. அதற்கு ஏறும் வழியில் ஓர் ஊழியர் வண்ணம் தீட்டிய அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். கோலில் இருந்த சிவப்புக் கோட்டை எட்டியவர்களுக்கே இடம். 39 பேர் எட்டிவிட்டனர். ஒருவன் மட்டும் எட்டவில்லை. குதிகாலை உயர்த்திப் பார்த்தான். தலைமயிரைக் கோதி நிமிர்த்திப் பார்த்தான். மூன்று விரற்கடை குறைந்தது. அவன் கண்கள் கலங்கிவிட்டன. நான் ஊழியரிடம் சென்று, "இவர்களுக்கெல்லாம் நான் பொறுப்பு. இவன் என் பக்கத்திலேயே உட்காருவான். நான் பிடித்துக்கொள்கிறேன், விடுங்கள்" என்றேன். அவர் இளைஞர். "நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள் ஐயா, அந்தக் கம்பி பிடித்துக்கொள்ளாதே" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அடுத்து நின்ற பிள்ளையை அளக்கத் திரும்பிவிட்டார். மாணவர்களின் முன்னிலையில் என் சொல் எடுபடவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கோபம் ஆறவில்லை.

அந்தக் கோலுக்கும் அந்தக் கம்பிக்கும் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். அதைத்தான் உங்களுக்கு இன்று சொல்லப் போகிறேன்.

மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும் விளையாட்டு குளிர்நாட்டில் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ருஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தார், குளிர்காலத்தில் மரச் சாரங்களை 70, 80 அடி உயரத்துக்கு எழுப்பி, அவற்றின் சரிவில் நீரை ஊற்றி உறையவைப்பர். அந்தப் பனிச் சரிவில் சறுக்குவண்டியில் அமர்ந்து இறங்குவர். இவ்விளையாட்டு பிரான்சுக்குச் சென்றபோது பனிக்குப் பதிலாகச் சக்கரங்கள் வந்தன. 1817-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அமைக்கப்பட்ட சரிவில், வண்டியின் சக்கரங்கள் பாதையை விட்டு விலகாதவாறு தடத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. வண்டி தடம்புரண்டால் என்னாகும் என்னும் அச்சம் அன்றே தோன்றிவிட்டது என்பதை இது காட்டுகிறது.

ஆனால் நம் கதைக்கு உரிய பொருள் பிறந்த இடம் விளையாட்டுத் திடல் அன்று, நிலக்கரிச் சுரங்கம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்றோர் ஊர் இருந்தது. மலைமேல் வெட்டிய நிலக்கரியை ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்ல அங்கே 1827-இல் ஓர் இருப்புப்பாதை அமைத்தனர். இறக்கத்தில் வண்டிகள் தம் எடையாலேயே ஓடிவிடும். காலி வண்டிகளை மேலே இழுப்பதற்குக் கோவேறு கழுதைகள் இருந்தன. மேலே ஏறிய கழுதைகள், இறங்கும்போது தாமும் ஒரு வண்டியில் நின்று சுகமாகப் பயணம் செய்து வந்தன! 1840-களில் கழுதைகளுக்குப் பதிலாக நீராவி எந்திரங்கள் வந்தன. செங்குத்தான சரிவில் எந்திரம் வண்டியை மேலேற்றும்போது, இழுக்கும் பட்டை அறுந்துபோனால் வண்டி பின்னோக்கிப் பாயும். கீழே இருப்பவர் அனைவரும் மடிவர். இதனைத் தடுக்கப் பாதையின் நடுவே இரம்பம்போல் பல்வரிசை ஒன்றை அமைத்தனர். வண்டியின் அடியில் ஓர் இரும்பு நாக்கைத் தொங்கவிட்டனர். வண்டி ஏறும்போது அந்த நாக்கு ஒவ்வொரு பல்லையும் தாண்டி "டக், டக்" என்று விழும். பட்டை அறுந்தால் நாக்கு கடைசியாகத் தாண்டிய பல்லில் மாட்டிக்கொள்ளும். வண்டி அங்கேயே நின்றுவிடும்.

நம்மூர்த் தேரோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருப்பினும், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவரின் கையில்தான் கூட்டத்தின் உயிர் இருக்கிறது. அந்த இரும்பு நாக்கு செய்வதும் முட்டுக்கட்டையின் வேலையே. பழைய சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது கேட்கும் ஓசையும் இதே அமைப்பினின்றும் எழுவதே.

கரி ஏற்றுவது நின்றபின் மாக் சங்க் பாதை வேடிக்கைப் பயணத்துக்குப் பயன்பட்டது. வண்டியில் அமர்ந்து மலையிறங்கவே மக்கள் திரளாக வந்தனர். இதனைக் கண்டு இன்பப் பயணத்துக்கென்றே ஒரு பாதையை அமைத்தவர் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர். 1884-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், நியூயார்க் நகரை அடுத்த கோனி தீவின் கடற்கரையில் அவர் அமைத்த வண்டி மணிக்கு ஏறத்தாழ 6 மைல் வேகத்தில் ஓடியது. கட்டணம் 5 சென்ட். சற்றே விரைந்து ஓடும் மனிதனுக்கு அந்த வண்டியை முந்திவிடுதல் கூடும். எனினும் மக்கள் முண்டியடித்தனர். அடுத்த ஆண்டுகளில் ஒருவரை ஒருவர் விஞ்ச எண்ணி, உயரத்தையும் வேகத்தையும் கூட்டிக்கொண்டே போயினர்.

1895-இல் கோனி தீவில் பால் பாய்ட்டன் என்பவர் இரண்டு புதுமைகளைச் செய்தார். ஒன்று நல்லது, மற்றொன்று தீயது. தம் பூங்காவைச் சுற்றி வேலியிட்டு, நுழைவுக் கட்டணம் வாங்கினார். அதுவரை கோனி தீவில் குடிகாரரும் சூதாடிகளும் முடிச்சவிழ்ப்போரும் எல்லாரோடும் கலந்து திரிந்தனர். வேலி வந்தபின்னரே குடும்பத்தார் பிள்ளைகளோடு வரத் துணிந்தனர். குழந்தைகளின் பாதுகாப்புக்கு முதலில் வந்தது ஒரு கதவும் வாயிற்காவலனுமே என்று சொல்லலாம். அவர் செய்த தீய புதுமை, வண்டி தலைகீழாகச் சுழன்று வரும் ஒரு வளையம். அவ்வளையத்தைச் சரியான வட்டமாகவே அமைத்துவிட்டார். நேர்கோட்டில் வேகமாக வந்த வண்டி திடீரென வட்டத்துள் புகும்போது, பயணியின் உடல் ஒரு நொடியில் பன்மடங்கு கனத்துப்போகிறது. தலையின் பாரத்தைக் கழுத்து தாங்கமாட்டாது. கழுத்தும் முதுகும் வலிக்கப் பலர் இறங்கினர்; அந்த வளையம் நெடுநாள் நிலைக்கவில்லை. வளைவு சிறிது சிறிதாகக் கூடிச் சென்று, மேலே குறுகி, துளி நீரைப்போல் அமைய வேண்டும் என்னும் கணக்கைச் செம்மையாகக் கையாண்டு, 1976-இல் கலிபோர்னியாவில் ஒரு பாதை திறக்கப்பட்டது. ஒரு வளைவைச் சரியாக வரைய 81 ஆண்டுகள்! கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, ஜான் மில்லர் என்னும் பெயரை நினைவில் வையுங்கள். 1872-இல் பிறந்து 1941-இல் மறைந்த இவ்வமெரிக்கர், தாம்சனிடம் பணி கற்றவர். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இவர் பெயரில் உள்ளன. மாக் சங்க் இரும்பு நாக்கின் கருத்தைச் செம்மைசெய்து, சங்கிலியால் ஏற்றப்படும் கேளிக்கை வண்டிக்குப் பொருத்தி, 1910-இல் காப்புரிமை பெற்றார். பொறியாளர் அதனை ஆங்கிலத்தில் நாய் என்று பொருள்படும் சொல்லால் வழங்குவர். கவ்விய பிடியை விடாத பொருளுக்கு நாயின் பெயர் பொருத்தமே. 1919-இல் அவர் வேறொன்று செய்தார். தடத்தின் மேலே ஓடும் சக்கரங்களோடு, தடத்தின் அடியிலும் சக்கரங்களைப் பொருத்தினார். வண்டி மேட்டின் உச்சியைத் தாண்டும்போது தடத்தை விட்டு எழும்ப முயலும். அடிச்சக்கரம் அதனை எழவிடாது. இவ்விரண்டும் இல்லையேல் இன்றைய வண்டிகள் இல்லை.

வண்டி எழாது, ஆனால் வண்டியில் இருப்பவர் எழுவாரே! அதற்காக வந்ததுதான் தொடைமேல் அழுத்தும் கம்பி. இங்கேதான் குழந்தையின் கதை தொடங்குகிறது. கம்பி வளர்ந்தவரின் தொடையையும் இடுப்பையும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. இருவர்க்கு ஒரே கம்பி என்றால், பெரியவரின் தொடையில் தட்டியதும் அது நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் சிறுவனுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும். உச்சியைத் தாண்டும் கணத்தில் அவன் உடல் இருக்கையை விட்டு எழும். கம்பியின் கீழாக வழுக்கிவிடும். தந்தை பிடித்துக்கொள்வாரே என்பீர்கள். பள்ளத்தின் அடியில் உடல் மும்மடங்கு கனக்குமாயின், 20 கிலோ எடையுள்ள பிள்ளை 60 கிலோவாகக் கனப்பான். அடுத்த நொடியே வேறு பக்கம் இழுக்கப்படுவான். ஒரு கையால் அவனை நிறுத்த எந்தத் தந்தையாலும் இயலாது. நான் அன்று "பிடித்துக்கொள்கிறேன்" என்று சொன்னதன் பொருள் இவ்வளவுதான். அளவுகோல் பிள்ளையின் துணிவை அளப்பதில்லை. கம்பி அவனைப் பற்றுமா என்பதையே அளக்கிறது.

கண்டுபிடிப்பு ஒன்று இருப்பது வேறு. அது வேலை செய்யும் நிலையில் இருப்பது வேறு. இதனை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. இலண்டன் மாநகரில் பாட்டர்சீ பூங்காவில், 1951-ஆம் ஆண்டு பிரிட்டன் விழாவையொட்டி ஒரு கேளிக்கைத் திடல் அமைக்கப்பட்டது. போரின் துயரையும் பங்கீட்டுக் காலத்தின் வறுமையையும் மக்கள் மறக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே மரத்தால் ஆன பெரிய ஏற்ற இறக்கப் பாதை ஒன்று இருந்தது. 1972-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. முந்தைய நாள் அந்நாட்டில் வசந்தகாலப் பொது விடுமுறை. 31 பேரை ஏற்றிய வண்டி முதல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, இழுக்கும் கயிற்றினின்றும் கழன்றது. பின்னோக்கி ஓடாமல் தடுக்க வேண்டிய அமைப்பு பற்றவில்லை. வண்டியில் இருந்த தடுப்பாளர் தடையை அழுத்தினார், அதுவும் பற்றவில்லை. வண்டி பின்னோக்கிப் பாய்ந்தது. கடைசிப் பெட்டி தடத்தை விட்டு எகிறித் தடுப்பை உடைத்துச் சென்றது. ஏனையவை அதன்மேல் மோதிக் குவிந்தன. ஐந்து குழந்தைகள் மாண்டனர். 13 பேர் காயமுற்றனர்.

மில்லர் காப்புரிமை பெற்று அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. தெரியாமையால் அந்தக் குழந்தைகள் இறக்கவில்லை. தெரிந்த ஒன்று நாள்தோறும் சோதித்துப் பார்க்கப்படாமையால் இறந்தனர் என்றே நான் கருதுகிறேன். திடலின் பொறுப்பாளரும் பொறியாளரும் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டு, 1973-இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர். அத்திடல் 1974-இல் மூடப்பட்டது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1974-இல்தான். தொழிலாளரை மட்டுமன்றி, ஒரு தொழிலால் ஊறு நேரக்கூடிய பொதுமக்களையும் காக்கும் கடமையை அது உரிமையாளர்மேல் சுமத்தியது.

இந்த இடத்தில் டென்மார்க்கை நினைக்கிறேன். கோப்பன்ஹேகனில் 1843-இல் திறக்கப்பட்ட டிவோலிப் பூங்காவில், 1914-இல் அமைத்த மரப்பாதை ஒன்று நூறாண்டு கடந்தும் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு தொடரிலும் தடைக்கோலைப் பிடித்தவாறு ஓர் ஆள் உடன் அமர்ந்து செல்கிறார். பாட்டர்சீயிலும் அத்தகைய ஆள் இருந்தார். ஆகவே, பழமையின்மேல் பழிபோடுதல் பொருந்தாது.

எந்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். கூட்டத்தில் பிள்ளை தவறிப்போதல் என்பது மற்றோர் அச்சம். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில்தான் ஜார்ஜ் பெரிஸ் என்பவர் 264 அடி உயரமுள்ள முதல் மாபெரும் இராட்டினத்தைச் சுழலவிட்டார். ஒரே நேரத்தில் அதில் 2,160 பேர் அமரலாம். எல்லாரும் அதனைப் பற்றியே பேசுவர். ஆனால் அதே பொருட்காட்சியில் குழந்தைகளுக்கென்றே ஒரு மாளிகை இருந்ததை எத்தனை பேர் அறிவர்? கைக்குழந்தையைச் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய்மார் காட்சியைக் காணச் செல்லலாம். என் கணக்கில் இராட்டினத்தினும் இதுவே பெரிய புதுமை. கோனி தீவிலோ 1920-ஆம் ஆண்டளவில் நகர இரயில் வந்து சேர்ந்தபின் ஞாயிறுதோறும் மக்கள் வெள்ளம் திரண்டது. தவறிப்போன பிள்ளைகள் காவல் நிலையத்தில் அமர்ந்து பெற்றோரை எதிர்பார்த்திருப்பது அன்றாடக் காட்சி ஆயிற்று.

வால்ட் டிஸ்னி தம் இரு பெண்மக்களைக் குடைராட்டினத்துக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், பிள்ளைகள் சுற்றிவர, தாம் வெறுமனே பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததாம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் இடம் வேண்டும் என்று அப்போது எண்ணியதாக அவரே கூறியிருக்கிறார். அதன் விளைவே 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து. அந்தப் பெரும் நிறுவனத்தாரும் முதல்நாளில் தடுமாறினர். கள்ள நுழைவுச்சீட்டுகளால் எதிர்பாராத கூட்டம், கொளுத்தும் வெயில், பல குடிநீர்க் குழாய்களில் நீர் இல்லை. பிள்ளைகளோடு வந்தவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவு கற்றபின்னும் பிழை ஓயவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 168 அடி உயரமுள்ள நீர்ச்சறுக்கு ஒன்று 2014-இல் திறக்கப்பட்டது. உலகிலேயே உயரமானது என்னும் புகழுக்காகவே அது எழுப்பப்பட்டது. 14 வயது நிரம்ப வேண்டும் என்று முதலில் வகுத்த விதியைப் பின்னர் கைவிட்டனர். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், 10 வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்து சென்ற மிதவை இரண்டாம் மேட்டில் காற்றில் எழும்பியது. அவன் உயிரிழந்தான். அடுத்த ஆண்டே அம்மாநிலம் கேளிக்கை எந்திரங்களைத் தகுதியுடையோர் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று சட்டத்தைக் கடுமையாக்கியது. சறுக்கு 2018-இல் இடித்து அகற்றப்பட்டது. விதியைத் தளர்த்தியவர்களைக் குறைகூற எனக்கு நாக்கு எழுகிறது. உடனே 1998-இல் அந்த ஊழியரிடம் நான் கேட்டதும் அதுதானே என்று அடங்கிவிடுகிறது.

நீங்கள் தம்பி தங்கையரோடு இத்தகைய இடங்களுக்குச் செல்வீர்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பழக்கத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். புறப்படும் காலையில், அன்று உடுத்திய உடையோடு பிள்ளையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் தாய்க்கே சட்டையின் நிறம் மறந்துபோவதைக் கண்டிருக்கிறேன். தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் மணிக்கட்டில் எழுதிவிடுங்கள். தவறினால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடை அணிந்த ஊழியரையோ குழந்தையோடு இருக்கும் ஒரு தாயையோ அணுகவும் சொல்லிக்கொடுங்கள். நீரில் விளையாடும் பிள்ளைக்கு இன்னார் காவல் என்று ஒருவரைப் பெயர் சொல்லி அமர்த்துங்கள். பெரியவர் பத்துப் பேர் சூழ நின்றும், ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவதே வழக்கம். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது கூவுவது எவ்வாறு?

இன்னொன்று, பலரும் அறியாதது. சறுக்குமரத்தில் சிறு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இறங்குவது அன்பின் செயலாகத் தோன்றுகிறது. தனியே இறங்கும் குழந்தையின் கால் ஓரத்தில் தட்டினால், அதன் உடல் இலேசானதாகையால் நின்றுவிடும். பெரியவரின் மடியில் இருக்கும்போது கால் தட்டி நிற்க, அவருடைய எடை முழுவதும் கீழ்நோக்கித் தள்ள, அந்தச் சிறிய முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறுகி ஒடிந்துபோகிறது. நீண்ட சடையும் துப்பட்டாவும் சக்கரமுள்ள வண்டியில் ஏறுமுன் முடிந்து கட்டப்பட வேண்டும் என்பதை மகளிர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை, எனினும் சொல்லிவைக்கிறேன்.

சென்ற ஆண்டுக் கோடையில் என் ஆறு வயதுப் பேத்தியோடு ஒரு பூங்காவுக்குச் சென்றிருந்தேன். அங்கும் ஒரு வண்டி, ஒரு கோல், அதில் ஒரு கோடு. அவள் தலை கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. "தாத்தா, நீங்கள் சொன்னால் விடுவார்கள்" என்றாள். ஊழியருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அவளை அழைத்துச் சென்று, வண்டி ஏறும் சரிவுக்குக் கீழே வேலியோரம் நிற்கவைத்தேன். "டக், டக்" என்று ஓசை கேட்டது. அது என்ன ஓசை என்று கேட்டாள். இரும்பு நாக்கின் கதையைச் சொன்னேன். அடுத்த வண்டி வந்தபோது இருவரும் எண்ணத் தொடங்கினோம். வண்டி உச்சியைத் தாண்டியதும் ஓசை நின்றது. எனக்கு 46 வந்தது. அவள் 43 என்றாள். இன்னொரு முறை எண்ணிப் பார்க்கலாம் என்று நின்றோம்.